கும்பகோணத்துக்குள்ள ஓட்ட ஒரு பழைய சின்ன கார்: இந்த மூணுல எது?

அரசலாற்றங்கரை:

எல்லாருக்கும் வணக்கம். கும்பகோணத்துல நாகேஸ்வரன் கோயில் பக்கம் ஒரு சந்துல குடியிருக்கோம். வீட்டுக்காரர் மஸ்கட்டுல. நான் தாராசுரத்துல ஒரு ஸ்கூல்ல டீச்சர். இதுநாள் வரைக்கும் ஸ்கூட்டியே போதும்னு இருந்தேன். இப்ப மாமியாருக்கு ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு. ஆட்டோவுல ஏத்தி இறக்கவே ரெண்டு ஆள் வேணும்.

ஓட்டம்னு பாத்தா ஸ்கூல், பெரிய கடைத் தெரு, மாசம் ஒரு தடவை தஞ்சாவூர் ஆஸ்பத்திரி, எப்பவாவது நாச்சியார்கோவில்ல அம்மா வீடு. மாசத்துக்கு 400 கிலோமீட்டர் தாண்டாது. லைசென்ஸ் இருக்கு. ஆனா எங்க சந்துல ரிவர்ஸ் எடுக்கணும்னு நெனச்சாலே வயித்தைக் கலக்குது. எதிர்ல ஒரு வண்டி வந்தா யாராவது ஒருத்தர் பின்னாடி போய்த்தான் ஆகணும். அது நானாத்தான் இருப்பேன்.

கையில ரெண்டே முக்கால் லட்சம் இருக்கு. லோன் வேண்டாம்னு வீட்டுக்காரர் கண்டிப்பா சொல்லிட்டார். மூணு வண்டி பாத்திருக்கேன்:

ஆல்ட்டோ 800 எல்எக்ஸ், 2013 மாடல், சென்னை ரிஜிஸ்ட்ரேஷன், 38,000 கி.மீ., கேக்குறது 1.90 லட்சம். பழைய கார் விக்கிற கன்சல்டிங்ல நிக்குது. பளபளன்னு இருக்கு.

வேகன் ஆர் விஎக்ஸ்ஐ, 2014, டிஎன் 68 (நம்ம கும்பகோணம் நம்பர்), ஒரே ஓனர், பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆனவர். 71,000 கி.மீ. 2.85 லட்சம். பம்பர்ல கீறல், ஒரு கதவுல ஒடுக்கு.

ஸ்விஃப்ட் டீசல், 2012, ரெண்டு ஓனர், 1,18,000 கி.மீ., 2.75 லட்சம். மைலேஜ் அள்ளிக் குடுக்கும்னு புரோக்கர் சொல்றார்.

எனக்குச் செலவு கம்மியா இருக்கணும், அவ்வளவுதான். எதை எடுக்கலாம்?

கரந்தை டீசல்:

டீச்சர், கண்ணை மூடிட்டு ஸ்விஃப்ட்டை எடுங்க. அந்த 1.3 இன்ஜின் மூணு லட்சம் கிலோமீட்டர் ஓடுன வண்டியை எல்லாம் நான் பாத்திருக்கேன். ஊருக்குள்ளயே லிட்டருக்கு 17, 18 கிலோமீட்டர் குடுக்கும், தஞ்சாவூர் ரோட்டுல 22க்குக் குறையாது. டீசல் வெலையும் கம்மி. வேகன் ஆர் ஓட்டிப் பாத்தா சப்புன்னு இருக்கும்.

மாயவரம் ஸ்பானர்:

கரந்தை அண்ணன் சொல்ற இன்ஜின் நல்ல இன்ஜின்தான், அதுல எனக்குச் சண்டை இல்ல. நான் மயிலாடுதுறையில ஒர்க் ஷாப் வெச்சிருக்கேன், டீசல் வண்டியிலதான் எனக்கு வரும்படியே. அதனாலதான் சொல்றேன், தங்கச்சி, அதை வாங்கிப்புடாதீங்க.

கணக்கைப் போட்டுப் பாப்போம். மாசம் 400 கிலோமீட்டர். வேகன் ஆர் நம்ம ஊர் நெரிசல்ல ஏசி போட்டு ஓட்டினா 15 குடுக்கும்னு வைங்க. 27 லிட்டர் கிட்ட வருது, லிட்டர் 102ன்னா 2,700 ரூபாய் சொச்சம். ஸ்விஃப்ட் டீசல் 17.5 குடுத்தா 23 லிட்டர், 94 ரூபாய்னா 2,150. மாசத்துக்கு 550, 600 மிச்சம். வருஷம் முழுக்க ஓட்டினாலும் ஏழாயிரத்துக்குள்ளதான். ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் ஓடுன டீசல்ல டீசலைப் பீச்சி அடிக்கிற இன்ஜெக்டர் ஒண்ணு மக்கர் பண்ணா அந்த வருஷ மிச்சம் அவ்வளவும் போச்சு. இன்ஜினுக்குக் காத்தை அழுத்தி அனுப்புற டர்போ போனா மூணு நாலு வருஷத்து மிச்சம். மாசம் ரெண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டுற ஆளுக்குத்தான் டீசல் லாபம். உங்களுக்கு மைலேஜே பெரிய விஷயம் இல்ல. வாங்கின பிறகு ஒர்க் ஷாப் வாசல்ல எத்தனை நாள் நிக்குதுங்கறதுதான் உங்களுக்குச் செலவு.

இன்னொண்ணு. டீச்சர் வேலைக்கு நாலு கிலோமீட்டர் போயி நிறுத்துறீங்க, சாயங்காலம் மறுபடி நாலு. இன்ஜின் முழுசா சூடாகறதுக்குள்ள ஆஃப் பண்ணிடுவீங்க. இப்படி ஓட்டுற வண்டியில ஆயில் சீக்கிரம் கெடும், சைலென்ஸருக்குள்ள தண்ணி தங்கி துரு பிடிக்கும், பேட்டரி முழுசா சார்ஜ் ஏறாது. அதனால கிலோமீட்டரை எண்ணிக்கிட்டு இருக்காம வருஷத்துக்கு ஒரு தடவை ஆயிலை மாத்திப்புடணும். மாசம் ஒரு தஞ்சாவூர் ட்ரிப் இருக்குன்னீங்களே, அது வண்டிக்கும் வைத்தியம்தான்.

ஆல்ட்டோவுக்கு வாங்க. எல்எக்ஸ்ல ஏசி இருக்கும், பவர் ஸ்டியரிங் இருக்காது. அது அதுக்கு மேல் மாடலான எல்எக்ஸ்ஐல இருந்துதான். நீங்க ரிவர்ஸுக்குப் பயப்படுற ஆளு, அந்தச் சந்துல நின்ன எடத்துல ஸ்டியரிங்கை ஒடிக்கணும்னா தோள்பட்டை கழண்டுபோவும். அதோட சீட்டு ரொம்பத் தாழ்வு. முட்டி வலிக்காரங்க அதுல உக்காருறப்ப தொபுக்குன்னு விழுவாங்க, எந்திரிக்கறது அதைவிடக் கஷ்டம். வேகன் ஆர்ல சீட்டு கிட்டத்தட்ட இடுப்பு உயரத்துல இருக்கும். கதவைத் தொறந்து திரும்பி உக்காந்து காலை உள்ள எடுத்துக்கலாம். மாமியாரை ஒரு தடவை நேர்ல அழைச்சுட்டுப் போயி ரெண்டு வண்டியிலயும் உக்கார வெச்சுப் பாத்துட்டா வேற யாரையும் கேக்க வேண்டாம்.

அந்த ஆல்ட்டோ 2013, சென்னை வண்டி, பளபளப்பு. 2015 டிசம்பர் வெள்ளத்துல அது எங்க நின்னுச்சுன்னு எனக்கு ஒரு கேள்வி இருக்கு. சென்னையில தண்ணியில முங்குன வண்டியை எல்லாம் தொடச்சு பாலீஷ் போட்டு வெளியூர்ல தள்ளிவிடுறது புதுசு இல்ல. சீட் பெல்ட்டை கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க, அடியில சேத்துக் கறை நிக்கும். ஸ்டெப்னி வெச்சிருக்கிற குழியில, சீட்டு ஓடுற ரெயிலுக்கு அடியில துரு இருக்கான்னு டார்ச் அடிங்க. கார்ப்பெட்டைத் தூக்கி மோந்து பாருங்க. 38,000ன்னு சொல்றாங்கல்ல, கிளட்ச் பெடல் ரப்பர் மழுங்கி வழுவழுன்னு இருந்தா மீட்டரைத் திருப்பியிருக்காங்கன்னு அர்த்தம்.

அந்த வேகன் ஆர்ல இருக்கிற கீறல் எனக்குப் பிடிச்சிருக்கு. கும்பகோணத்துல பதினோரு வருஷம் ஓடி ஒரு கீறல்கூட இல்லாம நிக்குதுன்னா அதைத்தான் நம்பக் கூடாது.

நாகூர்க் காத்து:

ஸ்பானர் அண்ணன் வெள்ளத்தைச் சொன்னார், நான் உப்பைச் சொல்றேன். எங்க பக்கம் நாகப்பட்டினம், வேளாங்கண்ணி வண்டி வெல கொறச்சலா வரும், டிஎன் 51 போட்டிருக்கும். வெயில்ல பாத்தா நல்லாத்தான் இருக்கும். லிஃப்ட்ல தூக்கி அடியைப் பாத்தா தகடு பொரிஞ்சு நிக்கும். காரைக்கால் வண்டி சல்லிசுன்னு யாராவது சொல்லுவாங்க. புதுச்சேரி பிஒய் நம்பரை டிஎன்னுக்கு மாத்தணும்னா அங்க என்ஓசி (ஆட்சேபணை இல்லைன்னு கடிதம்), இங்க திரும்ப லைஃப் டாக்ஸ், ஆர்டிஓ ஆபீஸுக்கு அலைச்சல். சல்லிசு எல்லாம் அதுலயே போயிடும்.

ஆனா ஒரு விஷயம் யாரும் பேசல. பாதுகாப்பு. 2019 ஜூலைல இருந்துதான் புது கார் எல்லாத்துலயும் டிரைவர் பக்கம் ஏர்பேக் கட்டாயம் ஆச்சு. சடன் பிரேக் அடிச்சா சக்கரம் பூட்டிக்காம பாத்துக்கிற ஏபிஎஸ் அதே வருஷம் ஏப்ரல்ல. டீச்சர் பாத்த மூணும் அதுக்கு முந்தினது. 2014ல காரை மோதவிட்டுப் பாக்குற குளோபல் என்கேப் சோதனையில ஏர்பேக் இல்லாத ஆல்ட்டோ 800 பெரியவங்க பாதுகாப்புக்கு ஒரு ஸ்டார்கூட வாங்கல. அதே பணத்துக்கு இன்னும் கொஞ்சம் சேத்து 2019 கடைசி, 2020 ஆல்ட்டோ தேடலாமே?

மாயவரம் ஸ்பானர்:

நாகூர்க் காத்து சொல்றது நியாயமான பேச்சு. ஊருக்குள்ள முப்பதுல போற வரைக்கும் எனக்குக் கவலை இல்ல. ஆனா மாசம் ஒரு தடவை தஞ்சாவூர் போறாங்க, அது இப்ப நாலுவழிச் சாலை, பக்கத்துல பஸ்ஸு நூறுல பறக்கும். மாமியார் தாழ்வான சீட்டுல சமாளிப்பாங்கன்னா 2020 ஆல்ட்டோ எல்எக்ஸ்ஐ தேடுங்க, குத்தமில்ல. சமாளிக்க மாட்டாங்கன்னா வேகன் ஆர்தான், தஞ்சாவூர் ரோட்டுல இடது பக்கமே எழுபதைத் தாண்டாம போங்க, பின் சீட்டுலயும் பெல்ட்டைப் போடச் சொல்லுங்க. அதுக்கு மேல என்கிட்ட பதில் இல்ல.

அரசலாற்றங்கரை:

எல்லாருக்கும் நன்றி. நேத்து மாமியாரை அழைச்சுட்டுப் போனேன். ஆல்ட்டோவுல உக்காந்ததும் "என்னடி, தரையில உக்கார வெச்சுட்ட"ன்னுட்டாங்க. எந்திரிக்க கன்சல்டிங் பையனும் நானும் சேந்து தூக்கினோம். வேகன் ஆர்ல தானாவே ஏறி உக்காந்து ஏசியைப் போடச் சொன்னாங்க. அதனால அது முடிவாயிடுச்சு. ஆனா 2.85 என் பட்ஜெட்டுக்கு மேல. பாக்கப் போறப்ப என்னென்ன பாக்கணும், எவ்வளவுக்குக் கேக்கலாம்?

மாயவரம் ஸ்பானர்:

காலையில முன்கூட்டிச் சொல்லாம போங்க. பானட்டைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா உங்களுக்காக முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்காங்க, இன்னொரு நாள் வர்றேன்னு திரும்பிடுங்க. குளுந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்றப்ப பின்னாடி நீலமா பொகை வந்தா ஆயில் எரியுது. ஆயில் ஊத்துற மூடியைக் கழட்டினா உள்ள மோர் மாதிரி படிஞ்சிருந்தா கூலன்ட் (இன்ஜினைக் குளுர வைக்கிற தண்ணி) கலக்குதோன்னு சந்தேகம், வேண்டாம். ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு மெதுவா வட்டம் போடுங்க, டக் டக்குன்னு சத்தம் வந்தா ஆக்சில் ஜாயின்ட் போயிருக்கு. டயர் ஓரத்துல நாலு இலக்கம் இருக்கும்: 2318ன்னா 2018ம் வருஷம் 23வது வாரம் செஞ்சது. டயர் பட்டன் தேயாம நல்லா இருந்தாலும் ஆறேழு வருஷம் ஆன டயரை மாத்தித்தான் ஆகணும், அந்தச் செலவைச் சொல்லித்தான் வெலையைக் குறைக்கணும். வேகன் ஆர்ல இருக்கிற 1.0 லிட்டர் கே-சீரிஸ் இன்ஜின்ல டைமிங் செயின்தான், பெல்ட் மாத்துற செலவு கிடையாது.

அப்புறம் நம்ம ஜில்லா வியாதி: எலி. சம்பா அறுவடை ஆனா வயல் எலி எல்லாம் ஊருக்குள்ள வந்துடும், நிக்கிற வண்டியில வயரைக் கடிச்சுப்புடும். பானட்டுக்குள்ள டேப் சுத்தின வயர் நிறைய தெரிஞ்சா என்னன்னு கேளுங்க. நாச்சியார்கோவில் ரோட்டுல உளுந்துச் செடி காயப்போட்டிருந்தா அது மேல ஓட்டிட்டு வந்து அப்படியே நிறுத்தாதீங்க. செடி சைலென்ஸர்ல சுத்திக்கும், சூட்டுல பத்திக்கும். எங்க ஷாப்புக்கு ஒரு வண்டி பாதி கருகி வந்துச்சு.

வெல: 2.85ன்னா 2.50ல ஆரம்பிங்க, 2.60க்கு முடியும். ரெண்டே முக்காலையும் வண்டிக்கே குடுத்துப்புட்டு டயருக்கு என்ன பண்ணுவீங்க? பேங்க்காரர், கணக்குச் சொன்னா ஒத்துக்குவார்.

பேப்பர்ல: ஆர்சி 15 வருஷம், 2014 வண்டின்னா 2029ல திரும்ப இன்ஸ்பெக்ஷன் காட்டி அஞ்சு வருஷத்துக்கு நீட்டணும், அதுக்கு 5,000 கட்டணம், மேல பசுமை வரி. இப்பவே தெரிஞ்சுக்கங்க. பரிவாஹன்ங்கற அரசாங்க வெப்சைட்ல வண்டி நம்பரைப் போட்டு அபராதம் எதுவும் நிலுவையில இருக்கான்னு பாருங்க. ஓனர் பேரு மாத்துற ஃபாரம் 29, 30ல கையெழுத்து உங்க முன்னாடி வாங்குங்க. லோன்ல வாங்கின வண்டின்னா லோன் முடிஞ்சதைக் காட்டுற ஃபாரம் 35ம் பேங்க் என்ஓசியும் வேணும். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்தணும். அவரோட நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேக்காததுக்கு பிரீமியத்துல கிடைக்கிற தள்ளுபடி) அவரோடயே போயிடும், அதை உங்களுக்கு வருதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

அரசலாற்றங்கரை:

ஞாயித்துக்கிழமை காலையில போறேன் அண்ணே. அட்வான்ஸ் எவ்வளவு குடுக்கலாம்?

மாயவரம் ஸ்பானர்:

அஞ்சாயிரம். ஒரிஜினல் ஆர்சியைக் கையில வாங்கிப் பாத்த பிறகு, பேங்க் மூலமா. மெக்கானிக் ஒருத்தரை அழைச்சுட்டுப் போங்க, ஐநூறு குடுத்தா வருவார். கும்பகோணத்துல யாரும் சிக்கலைன்னா மெசேஜ் போடுங்க, ஞாயித்துக்கிழமை நான் சும்மாதான் இருப்பேன்.