மூன்றாண்டுச் சோதனையை ஐந்தாண்டாக்கலாமா? அவசர நிறுத்த வால்வு பற்றிய கேள்வி

பிறை கருவியாளர்

அனைவருக்கும் வணக்கம். பினாங்கு, பிறை தொழிற்பேட்டையில் உள்ள ஒரு வேதிப்பொருள் ஆலையின் கருவியியல் பிரிவில் பணியாற்றுகிறேன். எங்கள் வினைகலத்துக்கு (வேதிவினை நடக்கும் கலம்) வாயு மூலப்பொருள் செல்லும் குழாயில் எட்டு அங்குலப் பந்து வால்வு ஒன்று அவசர நிறுத்த வால்வாகப் பொருத்தப்பட்டுள்ளது. கருவிக் காற்றின் அழுத்தம் அதைத் திறந்து வைத்திருக்கும். அந்தக் காற்றைக் கட்டுப்படுத்தும் சிறிய மின்காந்த வால்வான சோலினாய்டுக்கு மின்சாரம் நின்றால் காற்று வெளியேறி, ஸ்பிரிங் வால்வை மூடிவிடும். இந்தப் பாதுகாப்புச் செயற்பாட்டுக்கு எஸ்.ஐ.எல். 2 என்ற பாதுகாப்பு நம்பகத்தன்மை நிலை குறிக்கப்பட்டிருக்கிறது. வால்வு 10 வினாடிக்குள் மூட வேண்டும் என்பது வடிவமைப்பு நிபந்தனை.

இதுவரை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பெரிய ஷட்டவுனின்போது (பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் காலம்) வால்வை முழுமையாக மூடிச் சோதித்து வந்தோம். இப்போது நிர்வாகம் அந்த இடைவெளியை ஐந்து ஆண்டாக நீட்ட விரும்புகிறது. அதை ஈடுகட்ட, ஆலை ஓடிக்கொண்டிருக்கும்போதே மூன்று மாதத்துக்கு ஒருமுறை வால்வைச் சிறிதளவு மட்டும் அசைத்துப் பார்க்கும் பகுதி இயக்கச் சோதனையைச் செய்தால் போதும் என்கிறார்கள். இந்தச் சோதனை எழுபது விழுக்காட்டுப் பழுதுகளைக் கண்டுபிடித்துவிடும் என்று கருவி விற்பனையாளர் தந்த தாளில் இருக்கிறது.

எனக்கு இன்னொரு நெருடலும் உண்டு. சென்ற ஷட்டவுனில் முதல் கட்டளைக்கு வால்வு மூட 14 வினாடி ஆனது. திறந்து மீண்டும் மூடியபோது 7 வினாடி. அறிக்கையில் 7 மட்டும் ஏறி, “தேர்ச்சி” என்று முத்திரை விழுந்தது. “முதல் அசைவு எப்போதும் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்” என்றார் மேற்பார்வையாளர். மேலும், மூடிய பிறகு வால்வு கசிகிறதா என்று நாங்கள் பார்த்ததே இல்லை. இவற்றில் எதைப் பொருட்படுத்த வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கணிப்பாளர், கோலாலம்பூர்

நண்பருக்கு வணக்கம். இடைவெளியை நீட்டுவதைப் பற்றி உங்கள் நிர்வாகம் கேட்பது தவறில்லை. ஆனால் அதற்கான விடை விற்பனையாளர் தாளில் இருக்க முடியாது, கணக்கில் இருக்க வேண்டும். எண்களைப் போட்டுப் பார்த்தால் பிரச்சினை எங்கே ஒளிந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

ஒரு வால்வு, அதைத் திருப்பும் இயக்கி, சோலினாய்டு ஆகிய மூன்றையும் சேர்த்து, வெளியே தெரியாமல் பதுங்கியிருக்கும் ஆபத்தான பழுது மணிக்கு 0.0000005 என்ற வீதத்தில் ஏற்படுகிறது என்று எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு இது ஏறத்தாழ 0.0044. தேவைப்படும் நேரத்தில் வால்வு இயங்காமல் போகும் சராசரி வாய்ப்பு, இந்த வீதத்தைச் சோதனை இடைவெளியால் பெருக்கி இரண்டால் வகுத்தால் வரும். மூன்று ஆண்டு இடைவெளிக்கு 0.0066, ஐந்து ஆண்டுக்கு 0.011. எஸ்.ஐ.எல். 2 என்பது 0.01-க்கும் 0.001-க்கும் இடைப்பட்ட பட்டை. ஆகவே வேறெதுவும் செய்யாமல் ஐந்து ஆண்டுக்குத் தாவினால், உணர்கருவிக்கும் தர்க்கக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் உரிய பங்கைச் சேர்ப்பதற்கு முன்பே வால்வு ஒன்றே வரம்பைத் தாண்டிவிடுகிறது.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை பகுதிச் சோதனையைச் சேர்ப்போம். அது அறுபது விழுக்காட்டுப் பழுதுகளைக் காட்டிக்கொடுக்கும் என்றால், அந்த அறுபதுக்கு மூன்று மாத இடைவெளியும் எஞ்சிய நாற்பதுக்கு ஐந்து ஆண்டு இடைவெளியும் பொருந்தும், மொத்தம் 0.0047. இன்றைய நிலையைவிட நல்லது. அதே சோதனை முப்பது விழுக்காட்டைத்தான் காட்டும் என்றால் மொத்தம் 0.0078, இன்றைய நிலையைவிட மோசம். ஏறத்தாழ 42 விழுக்காட்டில்தான் இரண்டும் சமமாகின்றன. ஆகவே “பகுதிச் சோதனை உண்டா, இல்லையா” என்பதைவிட, “உங்கள் வால்வில், உங்கள் வாயுவில், நீங்கள் செய்யும் முறையில் அது எதைக் கண்டுபிடிக்கிறது” என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

பந்து பத்து முதல் இருபது விழுக்காடு திரும்பினால், தண்டு இறுகவில்லை, இயக்கி அசைகிறது என்று தெரியும். பந்து இருக்கையை (அது அழுந்தி மூடும் வளையம்) சென்றடையும் கடைசிப் பகுதியில் வேண்டிய முறுக்குவிசை ஸ்பிரிங்குக்கு இருக்கிறதா என்பதும், மூடிய பின் கசிவு நிற்கிறதா என்பதும் தெரியாது. இன்னொன்றை அவசியம் விசாரியுங்கள்: உங்கள் பகுதிச் சோதனை சோலினாய்டின் மின்சாரத்தை நிறுத்திச் செய்யப்படுகிறதா, அல்லது மின்னணு பொசிஷனர் (வால்வின் நிலையைக் கட்டுப்படுத்தும் கருவி) காற்றை மெதுவாகக் கசியவிட்டுச் செய்யப்படுகிறதா? இரண்டாவது முறை என்றால் சோலினாய்டு அசைவதே இல்லை. உண்மையான டிரிப்பின்போது (பாதுகாப்பு அமைப்பு ஆலையைத் தானாக நிறுத்தும்போது) முதலில் வேலை செய்ய வேண்டிய உறுப்பு சோதிக்கப்படாமலேயே இருக்கும், அறிக்கையில் மட்டும் “தேர்ச்சி” என்று வரும். அப்படி இருந்தால் எழுபது விழுக்காடு என்ற எண்ணை நான் கையெழுத்திட்டு ஏற்கமாட்டேன்.

போர்டு ஆபரேட்டர்

மேலே எழுதியவர் சொன்ன கணக்குடன் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கட்டுப்பாட்டு அறையில் உட்காருகிறவர்கள் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். பகுதிச் சோதனை செய்யும்போது வால்வு நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் முழுவதும் மூடிக்கொண்டால் ஆலை நின்றுவிடும். மீண்டும் தொடங்கும் வேளைதான் எந்த ஆலைக்கும் மிகவும் இக்கட்டான வேளை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த இக்கட்டை நாமே அழைத்துவர வேண்டுமா என்பதையும் எடைபோடுங்கள். செய்வதென்றால் ஷிப்ட் மாறும் நேரத்தில் செய்யாதீர்கள், உற்பத்தி அளவு குறைவாக இருக்கும்போது செய்யுங்கள், போர்டில் இருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஓய்வுபெற்ற பராமரிப்பாளர், பட்டர்வொர்த்

தம்பி, உங்கள் மேற்பார்வையாளர் சொன்னது எல்லா ஆலைகளிலும் கேட்கும் பேச்சுதான். இருந்தாலும் அது தலைகீழான பேச்சு. உங்கள் இரண்டு எண்களில் 14 ஒன்றே சோதனை. 7 என்பது வால்வை உடற்பயிற்சி செய்யவைத்த பிறகு எடுத்த எண். அவசரம் வரும் நாளில் வால்வுக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது. மூன்று ஆண்டு அசையாமல் நின்ற வால்வு அன்று எப்படி மூடியிருக்குமோ அதைத்தான் முதல் கட்டளை உங்களுக்குச் சொன்னது: வடிவமைப்பு நேரத்தைத் தாண்டியது, ஆகவே தோல்வி. ஐ.இ.சி. 61511 என்ற பன்னாட்டுப் பாதுகாப்புத் தரநிலை சோதனைப் பதிவில் கண்டறிந்த நிலையையும் (தொடுவதற்கு முன் இருந்தது) விட்டுவந்த நிலையையும் (வேலை முடிந்த பின் இருப்பது) தனித்தனியாகக் கேட்பதற்குக் காரணம் இதுதான். இரண்டையும் எழுதுங்கள், 14-ஐத் தோல்வியாகப் பதியுங்கள். கணிப்பாளர் போட்ட கணக்கில் வரும் பழுது வீதமே இத்தகைய பதிவுகளிலிருந்துதான் உருவாகிறது. தோல்விகளை மறைத்தால் எல்லா ஆலைகளிலும் வால்வுகள் உள்ளதைவிட நல்லவையாகத் தோன்றும், அதை நம்பி மேலும் இடைவெளி நீட்டுவார்கள்.

சோதனைக்கு முன் யாரும் வால்வைத் தொடக்கூடாது என்பதையும் நடைமுறையில் எழுதிவையுங்கள். ஷட்டவுன் தொடங்கியதும் குழாயை வெறுமையாக்க ஒருவர் வால்வை மூடித் திறந்திருப்பார். இன்னொருவர் தண்டில் மசகு போட்டிருப்பார். பிறகு கருவியியல் பிரிவு வந்து “சோதித்தோம்” என்று எழுதும். ஆலையை நிறுத்தும் அந்த முதல் கட்டளையையே சோதனையாகத் திட்டமிட்டு, நேரம் பதியும் கருவியைத் தயாராக வையுங்கள்.

தாமதத்தின் காரணத்தையும் தேடுங்கள். நம் ஊரில் நான் முதலில் பார்ப்பது இயக்கியின் காற்று வெளியேறும் துவாரத்தைத்தான். மண்குளவி கூடு கட்டி அடைத்துவிடும். காற்று வெளியேறவில்லை என்றால் ஸ்பிரிங் எவ்வளவு வலுவாக இருந்தாலும் வால்வு ஆமை வேகத்தில்தான் மூடும். துவாரம் கீழ்நோக்கி இருக்கட்டும், பூச்சி வலை போட்டிருக்கட்டும், அந்த வலையே தூசியால் அடைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அடுத்தது கருவிக் காற்றின் ஈரம்: உலர்த்தி சரியாக வேலை செய்யாவிட்டால் சோலினாய்டுக்குள் துரு சேரும். இவை சரியாக இருந்தால்தான் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் அடைப்புப் பொருளின் இறுக்கத்தையும் ஸ்பிரிங்கின் சோர்வையும் சந்தேகிப்பேன்.

கசிவைப் பற்றி: எல்லா வால்வுக்கும் ஒரே அளவுகோல் போடாதீர்கள். முதலில், மூடிய பின் எவ்வளவு வாயு உள்ளே போனால் வினைகலத்துக்கு ஆபத்து என்று செயல்முறைப் பொறியாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். பிறகு ஷட்டவுனில், வால்வுக்கு அப்பால் உள்ள கையால் மூடும் வால்வையும் மூடி, இடையில் அடைபட்ட பகுதியின் அழுத்தத்தை இறக்கி, அது எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று அளவிடுங்கள். இரண்டு கன மீட்டர் கொள்ளளவுள்ள பகுதியில் பத்து நிமிடத்தில் 0.1 பார் ஏறினால், வளிமண்டல அழுத்தத்தில் மணிக்கு ஏறத்தாழ 1.2 கன மீட்டர் கசிவு. ஒரு அழுத்தமானியும் கடிகாரமும் போதும். கையால் மூடும் வால்வும் கசியலாம் என்பதை மறக்காதீர்கள். அது கசிந்தால் உண்மையான கசிவைவிடக் குறைவாகக் காட்டும்.

மூடும் வால்வு எல்லாவற்றையும் தீர்த்துவிடாது என்பதும் உண்மை. 2025 ஏப்ரல் 1 அன்று சிலாங்கூரின் புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் தீப்பற்றியபோது, வால்வுகள் மூடப்பட்ட பிறகும் குழாயில் எஞ்சியிருந்த வாயு எரிந்து தீரும்வரை பல மணி நேரம் ஆனது. 1988 ஜூலை 6-இல் வட கடலில் 167 பேரைப் பலிகொண்ட பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் எடுக்கும் மேடையில், இணைப்புக் குழாய்களில் இருந்த வாயு தீயை வளர்த்துக்கொண்டே இருந்தது. அதன் பிறகு பிரிட்டனில் இத்தகைய குழாய்களுக்கு அவசர வால்வு வைப்பதும் அதைச் சோதிப்பதும் 1989 விதிகளால் கட்டாயமாயின. உங்கள் வால்வுக்கும் வினைகலத்துக்கும் இடையில் எவ்வளவு வாயு தங்குகிறது என்று ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள்.

கடைசியாக, சோதனையே பழுதைப் புகுத்தும் என்பதையும் மனத்தில் வையுங்கள். பகுதிச் சோதனைக்குச் சில ஆலைகளில் வால்வின் தண்டில் இயந்திரத் தடுப்பு ஒன்றைப் பொருத்துவார்கள். அதைக் கழற்ற மறந்தால் வால்வு இருபது விழுக்காட்டில் நின்றுவிடும். 2005 டிசம்பர் 11-இல் இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு எரிபொருள் கிடங்கில் பெட்ரோல் தொட்டி வழிந்து வெடித்ததில், தொட்டி நிரம்பும் அளவை எட்டியதும் தனித்து இயங்க வேண்டிய உயர்மட்ட சுவிட்ச் வேலை செய்யவில்லை; அதன் சோதனை நெம்புகோலைச் சரியான நிலையில் நிறுத்தும் பூட்டு போடப்படாமலிருந்தது. தடுப்பு, பைபாஸ் (பாதுகாப்பைத் தற்காலிகமாக விலக்கிவைக்கும் ஏற்பாடு), நெம்புகோல் ஆகியவற்றை எடுத்தாயிற்று என்பதைச் சோதனை செய்தவர் அல்லாத ஒருவர் நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

பிறை கருவியாளர்

ஐயா அவர்களுக்கும் மற்ற நண்பர்களுக்கும் மிக்க நன்றி. எங்கள் பகுதிச் சோதனைத் திட்டம் பொசிஷனர் வழியாகத்தான் இருக்கிறது, சோலினாய்டு அசைவதில்லை என்று இன்று வரைபடத்தில் உறுதிசெய்தேன். இரண்டு சந்தேகங்கள் எஞ்சியுள்ளன. ஷட்டவுனில் குழாயில் அழுத்தமே இல்லாதபோது மூடிப் பார்ப்பது, அழுத்தம் முழுமையாக இருக்கும்போது மூட வேண்டியதற்குச் சமமாகுமா? இடையில் ஆலை தானாக டிரிப் ஆகும் நேரங்களை முழுச் சோதனையாகக் கணக்கில் எடுக்கலாமா?

கணிப்பாளர், கோலாலம்பூர்

உங்கள் முதல் சந்தேகம் சரியானது. அழுத்தம் இல்லாத குழாயில் பந்தின் மீது தள்ளும் விசை குறைவு. வால்வு எளிதாக மூடும். ஆகவே அழுத்தமற்ற சோதனையில் 9 வினாடி எடுத்தால் எனக்கு அது ஆறுதல் தராது. முடிந்தால் ஆலையை நிறுத்தும் முதல் கட்டளையை அழுத்தம் இறங்குவதற்கு முன் கொடுத்து நேரத்தைப் பதியுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு, நிபந்தனையுடன் ஆம். டிரிப் நடந்தபோது கட்டளை நேரம், வால்வு திறந்த நிலையைக் காட்டும் லிமிட் சுவிட்ச் விட்ட நேரம், மூடிய நிலையைக் காட்டும் லிமிட் சுவிட்ச் தொட்ட நேரம் ஆகிய மூன்றும் நிகழ்வுப் பதிவுக் கருவியில் வினாடியின் பின்னம் வரை இருக்க வேண்டும். சோலினாய்டிலிருந்து வால்வு வரை எல்லாம் இயங்கியது என்பது அதிலிருந்து தெரிய வேண்டும். சோதனைப் படிவத்தில் நிரப்பும் தகவல்களெல்லாம் அதிலும் இருக்க வேண்டும். கசிவை மட்டும் அது சொல்லாது. ஆகவே டிரிப்பைக் கொண்டு மூடும் நேரத்துக்கான கடிகாரத்தை மீண்டும் தொடங்கலாம், கசிவுச் சோதனைக்கான கடிகாரத்தைத் தொடங்கக்கூடாது. இரண்டுக்கும் தனித்தனி இடைவெளி வைத்துக் கணக்கிடுங்கள்.

10 வினாடி என்ற எண் எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள். வினைகலத்தின் அழுத்தம் கட்டுப்பாட்டை இழந்ததிலிருந்து ஆபத்து எல்லையைத் தொடும்வரை 30 வினாடி என்று வைத்துக்கொண்டால், உணர்கருவி, தர்க்கப் பெட்டி, வால்வு ஆகிய எல்லாம் சேர்ந்து அதில் பாதிக்குள் முடிய வேண்டும் என்பது பரவலான வழக்கம். அப்படியானால் உங்கள் 14 வினாடி அந்தப் பாதியை ஏறத்தாழ முழுவதும் தின்றுவிட்டது. மாறாக அந்த நேரம் பல நிமிடம் என்றால், வால்வை மேலும் வேகமாக்கப் போய்க் குழாயில் அழுத்த அதிர்ச்சியை உண்டாக்கிக்கொள்ளத் தேவையில்லை.

நிர்வாகத்துக்கு நீங்கள் எழுதும் குறிப்பில் நான் வைக்கும் வரிசை இது: சோலினாய்டைச் சேர்க்கும்படி பகுதிச் சோதனையை மாற்றுதல், சென்ற ஷட்டவுனின் 14 வினாடியைத் தோல்வியாகத் திருத்திப் பதிதல், அதன் காரணம் கண்டுபிடிக்கப்பட்ட பிறகே ஐந்து ஆண்டுக் கோரிக்கையை எடுத்துக்கொள்ளுதல். உங்கள் ஆலை 1996-ஆம் ஆண்டின் பெருவிபத்துக் கட்டுப்பாட்டு ஒழுங்குமுறைக்குள் வருகிறது என்றால், சோதனை இடைவெளி மாற்றம் ஜே.கே.கே.பி.யிடம் (மலேசியத் தொழிற்பாதுகாப்பு, சுகாதாரத் துறை) கொடுத்த அறிக்கையோடு முரண்படுகிறதா என்பதையும் பாதுகாப்பு அதிகாரியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.