காசு ஏறினால்கூடச் சமாளிக்கலாம், விதியை நடுவில் மாற்றினால்? – தீம் பார்க், கப்பல் பயண அனுபவங்கள்

எடிசன்காரி

வணக்கம். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் நயாகரா, அப்புறம் ஒர்லாண்டோ என்பது இங்கே நம் வீடுகளில் எழுதாத சட்டம். இந்த முறை அம்மாவை ஃபுளோரிடாவில் ஒரு பெரிய பார்க்குக்கு அழைத்துப் போய் வந்ததிலிருந்து மனசு ஆறவில்லை. எந்தப் பார்க் என்று சொல்லப் போவதில்லை, நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அம்மாவுக்குக் கிரோன்ஸ் நோய், அதாவது குடல் அழற்சி வியாதி. பார்த்தால் தெரியாது, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு என்னைவிட வேகமாக நடப்பார். ஆனால் வயிறு கலக்க ஆரம்பித்தால் ஐந்து நிமிடம் தாங்காது, பாத்ரூம் பக்கத்தில் இருந்தே ஆகவேண்டும். போன தடவை போனபோது இதைச் சொன்னதும், ரைடுக்குத் திரும்பி வரவேண்டிய நேரத்தைக் கொடுத்துவிட்டார்கள். வரிசையில் நிற்காமல் வெளியே உட்கார்ந்திருந்து, நேரம் வந்ததும் போனோம். யாரையும் முந்தவில்லை, காத்திருந்த நேரம் மற்றவர்களுக்கு ஆனதேதான். அதை நம்பித்தான் இந்த முறையும் டிக்கெட், ஹோட்டல் எல்லாம் பல மாதம் முன்னாடியே போட்டோம். கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் வீடியோ காலில் பேசவேண்டும் என்றார்கள், பேசினோம். இந்த நோய்க்கு இப்போது அந்த வசதி கிடையாது, அவசரம் என்றால் வரிசையை விட்டு வெளியே போய்விட்டுத் திரும்பி வந்து சேர்ந்துகொள்ளலாம் என்று பதில். ஹோட்டலை ரத்து செய்யும் கெடு அதற்குள் முடிந்துவிட்டது.

சொல்வதற்குச் சுலபமாக இருக்கிறது. அந்த வரிசை எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். இடுப்பு உயரக் கம்பிக்கு நடுவே இரண்டு பேர் ஒட்டி நிற்கும் அகலம், வளைந்து வளைந்து போகும், பின்னால் முழுக்க ஸ்ட்ரோலரிலிருந்து இறங்கிய குழந்தைகள். பாதி வழியில் அம்மாவுக்கு வந்துவிட்டது. அத்தனை பேரையும் விலக்கிக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் "சாரி, சாரி" என்று சொல்லிக்கொண்டே எதிர்த்திசையில் வெளியே போனார். திரும்பி வந்தால் வாசலில் நின்ற பையனுக்கு இப்படி ஓர் ஏற்பாடு இருப்பதே தெரியவில்லை. உள்ளே விட மறுத்துவிட்டான். நான் உள்ளே பிள்ளையோடு, அவர் வெளியே அரைகுறை ஆங்கிலத்தில் தன் வியாதியை முன்பின் தெரியாத ஒரு பையனுக்கு விளக்கிக்கொண்டு. அதற்கப்புறம் அம்மா எந்த ரைடுக்கும் வரவில்லை. "நீங்க போயிட்டு வாங்க" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு முழுக்க அவர் சாப்பிடவும் இல்லை, தண்ணீரும் குடிக்கவில்லை என்பது சாயங்காலம்தான் எனக்குத் தெரிந்தது. அந்த வெயிலில். எனக்கு அழுகை வந்துவிட்டது.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள். பார்க் ஆனாலும் சரி, கப்பல் ஆனாலும் சரி.

தம்பாவாசி

அக்கா, படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. அம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

நான் ஃபுளோரிடாவிலேயே இருப்பவன், பார்க் பைத்தியம் என்றே சொல்லலாம், அதனால் இது எப்படி இங்கே வந்து நின்றது என்று சொல்கிறேன். ஊருக்கே தெரிந்த டிஸ்னி கதையையே எடுத்துக்கொள்வோம். வரிசையில் நிற்கமுடியாதவர்களுக்கு அவர்கள் முன்பு ஓர் அட்டை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2013-இல் பணக்காரக் குடும்பங்கள் சில, மாற்றுத்திறனாளி ஒருவரை மணிக்கணக்கில் கூலிக்குப் பிடித்து, அவரைக் காட்டி வரிசையைத் தாண்டுகிறார்கள் என்று செய்தி வந்து நாறிப்போனது. அந்த வருடம் அக்டோபரிலேயே அட்டையை எடுத்துவிட்டு, 'டாஸ்' (டிசபிலிட்டி ஆக்சஸ் சர்வீஸ்) என்று நாம் சொல்கிற, திரும்பி வரவேண்டிய நேரத்தைக் கொடுக்கும் புது முறையைக் கொண்டுவந்தார்கள். அதிலும் கூட்டம் பெருகிவிட்டது என்று 2024 மே மாதம் விதியை இறுக்கினார்கள். ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாட்டால் நீண்ட நேரம் நிற்கமுடியாதவர்களுக்குத்தான் அது என்று ஆகிவிட்டது. வீடியோ காலில் பேசவேண்டும், பொய் சொன்னது தெரிந்தால் நிரந்தரமாக உள்ளே விடமாட்டார்கள். கூட வருகிறவர்களின் எண்ணிக்கையையும் குறைத்தார்கள்.

ஏமாற்றுகிறவர்களைத் தடுக்கவேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் கவனியுங்கள், டாஸ் உள்ளவர்கள் போகிற அதே குறுக்கு வழியைத்தான் இன்னொரு பக்கம் காசுக்கு விற்கிறார்கள். அந்த வழிக்கு 1999-இல் ஃபாஸ்ட்பாஸ் என்ற சீட்டு வந்தபோது அது இலவசம். காகிதச் சீட்டை எடுத்துக்கொண்டு எந்த ஏழை பாழையும் போய்வரலாம். கோவிட்டில் நிறுத்தியது திரும்ப வரவே இல்லை. 2021 அக்டோபரில் ஜீனி பிளஸ் என்று தலைக்கு ஒரு நாளைக்கு 15 டாலர் வைத்தார்கள், அப்புறம் நாளுக்கு நாள் விலை மாறுகிற மாதிரி ஆக்கினார்கள், 2024 ஜூலையில் பெயரையும் மாற்றினார்கள். அந்த வருடக் கடைசியில் ஒர்லாண்டோவில் பிரீமியர் பாஸ் என்று ஒன்று வந்தது, பார்க்கையும் நாளையும் பொறுத்து ஓர் ஆளுக்கு அப்போது 129 டாலரிலிருந்து 449 டாலர் வரை. டிக்கெட் காசு தனி. நோயாளிக்கு இடமில்லை என்று சொன்ன வழியில் பணம் உள்ளவனுக்கு இடம் இருக்கிறது, ரசிகர்களுக்கு வயிறு எரிவது அதனால்தான்.

போய்விட்ட மற்ற சலுகைகள் உங்களுக்கே தெரியும். ஏர்போர்ட்டிலிருந்து டிஸ்னி ஹோட்டலுக்கு 2005 முதல் ஓடிய இலவச பஸ் 2022 ஜனவரியோடு போனது. ஹோட்டலில் தங்கினால் இலவசமாகத் தரும் கைப்பட்டை (அறைச் சாவி, டிக்கெட் எல்லாம் அதுவே) 2021-இல் போனது. ஒன்று சொல்லவேண்டும், கத்தினால் கொஞ்சம் நடக்கவும் செய்கிறது. ஹோட்டலில் இரவு பார்க்கிங்குக்கு 2018-இல் காசு போட்டார்கள், 2023 ஜனவரியில் எடுத்துவிட்டார்கள். எந்தப் பார்க்குக்கு எந்த நாள் என்று முன்பதிவு செய்தே தீரவேண்டும் என்ற தலைவலியும் தேதி போட்ட டிக்கெட்டுகளுக்கு 2024 ஜனவரியில் ஒழிந்தது. அதனால் அக்கா, வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள்.

ஹூஸ்டன்வாசி

நாங்கள் டெக்ஸாஸ் துறைமுகமான கால்வெஸ்டனிலிருந்து கப்பலேறுகிற கூட்டம். எங்கள் வீட்டில் சுத்த சைவம், அதனால் கப்பலில் எங்களுக்கு முக்கியமானவர் கேப்டன் கிடையாது, டைனிங் ஹாலின் ஹெட் வெயிட்டர்தான். முதல் நாளே போய் அவரைப் பார்த்து, நாளைக்கு ராத்திரி கொஞ்சம் பருப்பு, ஒரு காய், சாதம் என்று சொல்லிவைத்தால் போதும், சமையற்கட்டில் நம் ஊர்க்காரர் யாராவது இருப்பார், மறுநாள் மெனுவில் இல்லாத தட்டு மேசைக்கு வந்துவிடும். அப்பாவுக்கு ஒருமுறை ரசமே வந்தது, அவர் அந்தப் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு எந்த ஊர், என்ன படித்தாய் என்று விசாரித்து முடிப்பதற்குள் பக்கத்து மேசைக்கெல்லாம் சாப்பாடு போய்விட்டது.

இப்போது அது முடியாது என்கிறார்கள். தனிச் சமையல் வேண்டுமானால் புறப்படுவதற்குப் பல வாரம் முன்பே படிவம் அனுப்பவேண்டுமாம். எங்களுக்கு இது கப்பலில் ஏறிய பிறகுதான் தெரியும். ஹெட் வெயிட்டரைக் குறை சொல்லமாட்டேன், அந்த மனிதரின் முகமே வாடிப்போனது, முன்பு பார்த்துக்கொண்ட மேசைகளைவிட இப்போது அவருக்கு எவ்வளவோ அதிகம். கேபினைச் சுத்தம் செய்பவருக்கும் அதே கதைதான். முன்பு காலை ஒருமுறை, மாலை ஒருமுறை வருவார், இப்போது ஒரே ஒரு வேளை. டிப்ஸ் மட்டும் வருடா வருடம் ஏறுகிறது.

இது ஒரு கப்பல் கம்பெனியோடு நிற்கவில்லை. ராயல் கரீபியன் 2017-இலேயே ரூம் சர்வீஸுக்கு 7.95 டாலர் வைத்தது. கார்னிவல் டைனிங் ஹாலில் ஒரே வேளையில் மூன்றாவது முக்கிய உணவு கேட்டால் 5 டாலர் என்று வைத்தது. நார்வீஜியனில் காசு கட்டி வாங்கும் டிரிங்க்ஸ் பேக்கேஜ் அவர்களுடைய சொந்தத் தீவில் 2026 மார்ச்சிலிருந்து செல்லாது என்று அறிவித்தார்கள். இந்தக் கடைசி அறிவிப்பு வந்தபோது ஏற்கெனவே பயணத்தைப் பதிவு செய்துவிட்டவர்கள் எத்தனையோ பேர். கார்னிவலும் 2026 ஜூனிலிருந்து, எத்தனை நாள் பயணம் செய்தாய் என்பதை விட்டுவிட்டு எவ்வளவு செலவழித்தாய் என்று பார்த்துத்தான் அடிக்கடி வருகிறவர்களுக்கான உறுப்பினர் தகுதி தருவோம் என்று அறிவித்தது. பால்கனி இல்லாத உள் கேபினில் வருடக்கணக்காகப் போய்ப் புள்ளி சேர்த்த ஓய்வூதியக்காரர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

இன்னொன்று, டிக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் ஒப்பந்தத்தைப் படியுங்கள். எந்தத் துறைமுகத்தையும் விட்டுவிடவோ மாற்றவோ கம்பெனிக்கு உரிமை உண்டு என்று இருக்கும். இறங்காத ஊருக்குப் பெரும்பாலும் துறைமுகக் கட்டணம் மட்டும்தான் திரும்ப வரும். கப்பல் மூலமாகச் சுற்றுலா பதிந்திருந்தால் அந்தப் பணம் வரும், வெளியில் தனியாகப் பதிந்திருந்தால் அந்த ஆளிடம்தான் மல்லுக்கு நிற்கவேண்டும்.

சிங்கைவாசி

அமெரிக்கக் கதையையே பேசுகிறீர்கள், எங்கள் பக்கமும் கேளுங்கள். டிஸ்னி அட்வெஞ்சர் என்ற கப்பல் சிங்கப்பூரிலிருந்து 2025 டிசம்பர் 15-இல் கிளம்பும் என்று சொல்லித்தான் டிக்கெட் விற்றார்கள். கடைசி நேரத்தில் 2026 மார்ச் 10-க்குத் தள்ளிவைத்தார்கள். கப்பல் கட்டுவதில் தாமதம் வரலாம், அதுவும் ஜெர்மனியில் முந்தைய முதலாளி திவாலாகிப் பாதியில் நின்ற கப்பலை வாங்கி முடித்தது அது. ஆனால் இங்கே பள்ளிக்கூடப் பெரிய லீவே நவம்பர் பாதியிலிருந்து டிசம்பர் வரைதான். கட்டிய பணம் வந்தாலும் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து ஆபீஸில் வாங்கிய லீவு திரும்ப வருமா? சென்னையிலிருந்து விமான டிக்கெட் எடுத்து வர இருந்தவர்கள் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

எடிசன்காரி

எல்லோருக்கும் நன்றி. தம்பி சொன்ன மாதிரி சும்மா இருக்கவில்லை. நாங்கள் பதிவு செய்த நாளில் அவர்களுடைய இணையதளத்தில் இருந்த விதியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தேன். அதையும், வாசலில் நடந்ததையும் நேரத்தோடு எழுதி அனுப்பினேன். வருந்துகிறோம் என்று ஒரு பதில், அடுத்த முறைக்கு ஒரு சலுகைக் கூப்பன். எனக்குக் கூப்பன் வேண்டாம், வாசலில் நிற்கும் பிள்ளைகளுக்கு முதலில் விதியைச் சொல்லிக்கொடுங்கள், அப்புறம் பதிவு செய்தவர்களுக்குப் பதிவு செய்த அன்றைய விதியே செல்லும் என்று எழுதித் தாருங்கள் என்று மறுபடியும் அனுப்பியிருக்கிறேன். பதில் வந்தால் இங்கே போடுகிறேன்.

ஹூஸ்டன் அண்ணா, உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். அம்மா ஊருக்குத் திரும்புவதற்குள் கப்பலிலாவது ஒரு சின்னப் பயணம் அழைத்துப் போகலாம் என்று நினைக்கிறேன், அங்கே கேபினும் பாத்ரூமும் பக்கத்திலேயே இருக்கும் அல்லவா. அந்தச் சாப்பாட்டுப் படிவத்தை எத்தனை வாரம் முன்பு அனுப்பவேண்டும், அதில் மிளகாய், பால், நார்ச்சத்து கூடாது என்றெல்லாம் எழுத இடம் இருக்கிறதா? யாராவது சமீபத்தில் நிரப்பியிருந்தால் சொல்லுங்கள்.