கடலைமாவுக் குளியலும் என் மகளின் கரப்பானும்

என் மகளுக்கு நாலாவது மாதம் கன்னத்தில் கரப்பான் (எக்ஸிமா) ஆரம்பித்தது. ஆறாவது மாதத்துக்குள் முழங்கை மடிப்பு, முழங்கால் பின்பக்கம் எல்லாம் வெடித்து நீர் வடிந்தது. சோப்பு எரியும் என்று அம்மா சொன்னதால் கடலைமாவும் பயத்தமாவும் கலந்துதான் தினமும் குளிப்பாட்டினேன், நம் வீடுகளில் காலங்காலமாகச் செய்வதுதானே என்று எனக்குத் துளிகூடச் சந்தேகம் வரவில்லை. ஒன்றரை வயதில் முதல்முறையாகக் கொண்டைக்கடலையை (கடலைமாவும் இதே இனம்தான்) மசித்து ஊட்டினேன். பத்தே நிமிடத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்துவிட்டது. ஆட்டோ பிடித்து ஓடினோம்.

அப்புறம் பார்த்த அலர்ஜி டாக்டர், "வாய்க்குத்தான் இது முதல்முறை, தோலுக்கு இல்லை" என்றார். மாவால்தான் வந்தது என்று அவர் அடித்துச் சொல்லவில்லை, ஆனால் வழியை விளக்கினார். வெடித்த தோல் வழியாகப் புரதம் உள்ளே போனால், அங்கே காவலிருக்கும் லாங்கர்ஹான்ஸ் செல்கள் அதைப் பிடித்து நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோய் நோய் எதிர்ப்பு வேலை பார்க்கும் டி செல்களிடம் காட்டுமாம். கரப்பான் உள்ளவர்களிடம் அந்த டி செல்கள் பெரும்பாலும் டிஎச்2 என்ற வகையாக மாறி ஐஎல்-4, ஐஎல்-13 என்ற சமிக்ஞைப் பொருள்களைச் சுரக்க, பி செல்கள் ஐஜிஇ என்ற ஒவ்வாமை எதிர்ப்பொருளைத் தயாரிக்க, அது ஹிஸ்டமினைத் தேக்கிவைத்திருக்கும் மாஸ்ட் செல்கள் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த முறை அதே புரதம் வந்தால் அரிப்பும் வீக்கமும் தரும் அந்த ஹிஸ்டமின் கொட்டும். எனக்கு வயிற்றைக் கலக்கியது இதுதான்: அதே ஐஎல்-4, ஐஎல்-13 தோலைக் கட்டிக்காக்கும் ஃபிலாக்ரின் புரதத்தையும் குறைத்துவிடுமாம். கதவு இன்னும் அகலமாகத் திறக்கிறது.

ஜப்பானில் கோதுமைப் புரதம் சேர்த்த ஒரு முகச் சோப்பால் 2,000-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கோதுமையே சாப்பிட முடியாமல் போனதை அப்புறம் படித்தேன். மாவு சாப்பிட நல்லது, புண்ணான தோலில் வேண்டாம், தயவுசெய்து. இப்போது குளித்த ஈரம் காய்வதற்குள் வாசனை இல்லாத கிரீமைத் தாராளமாகப் பூசுகிறேன், அவ்வளவுதான்.

பதில்:

அக்கா, எனக்கு 34 வயது, எனக்கும் கரப்பான்தான், என் எதிரி மெத்தையில் இருக்கும் தூசிப்பூச்சி. அதன் எச்சத்தில் உள்ள நொதியே தோலின் பிணைப்பை அறுத்து உள்ளே போகும். ஹிஸ்டமினை அடக்கும் செட்டிரிசின் மாத்திரை போட்டால் தூக்கம் வந்ததே தவிர அரிப்பு நிற்கவில்லை. டி செல்கள் விடும் ஐஎல்-31 என்ற பொருள் நேராக நரம்பைத் தூண்டுவதால் வரும் அரிப்பு அது, ஹிஸ்டமினை மட்டும் அடக்கினால் போதாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் புரிந்தது. ஏன் எப்போதும் அதே இடது முழங்கையில் வருகிறது என்றும் கேட்டேன். ஆறிய பிறகும் பழைய தாக்குதலை நினைவில் வைத்திருக்கும் டி செல்கள் அந்த இடத்திலேயே தங்கிவிடுமாம். அதனால் ஒன்றுமே தெரியாதபோதும் வாரம் இரண்டு நாள் அங்கே அழற்சியை அடக்கும் டாக்ரோலிமஸ் களிம்பு பூசச் சொல்லியிருக்கிறார். சரியாகிவிட்டதே என்று நானாக நிறுத்திய மூன்று தடவையும் திரும்ப வந்தது.