இரட்டை ஓவன் வாங்கியவர்களின் அனுபவங்கள்

லண்டன் உறுப்பினர்:

குசினியைத் திருத்தியமைத்தபோது, அலுமாரிக்குள் பொருத்தும், மேலும் கீழுமாக இரு அறைகள் கொண்ட இரட்டை மின் ஓவன் ஒன்றைத் தேடி நானும் கணவரும் இரண்டு வார இறுதிகளைக் கடைகளிலேயே கழித்தோம். எத்தனை சமையல் முறைகள் உண்டு, கதவு என்ன நிறம் என்றெல்லாம் விசாரித்த நாங்கள், உள்ளறையின் உயரத்தை மட்டும் கேட்கவில்லை. பிரித்தானியாவில் இவை பெரும்பாலும் 60 செ.மீ. அகலத்தில்தான் வருகின்றன, ஆனால் உயர்ந்த அலுமாரிக்குள் ஏறும் வகை ஏறத்தாழ 90 செ.மீ. உயரமும், சமையல் மேடைக்குக் கீழே நுழையும் வகை ஏறத்தாழ 72 செ.மீ. உயரமும் கொண்டவை. புது அலுமாரிக்கான செலவை மிச்சம் பிடிக்க எண்ணி, நாங்கள் இரண்டாவதை எடுத்தோம்.

குறைந்துபோன அந்த 18 செ.மீ. எங்கள் கண்ணில் பட்டது, நத்தாருக்கு லவ் கேக் போட்ட அன்றுதான். கீழறையில் இரண்டு தட்டுகளை வைத்தபோது இடையில் காற்று ஓட வழியில்லாமல், மேல்தட்டின் விளிம்பு கருகத் தொடங்கிய வேளையிலும் கீழ்த்தட்டின் நடுப்பகுதி மாவாகவே கிடந்தது. மேலறையோ, கிரில் எனும் சூட்டுக் கம்பி உணவுக்கு நேர் மேலே நெருக்கமாக இருப்பதால், பாண் வாட்டவும் மிஞ்சிய கறியைச் சூடாக்கவும் மட்டுமே எனக்கு உதவுகிறது.

மின்சாரமும் எங்களை விடவில்லை. பழைய ஒற்றை ஓவன் 13 ஆம்பியர் செருகியில் ஓடியது. புதியதில் இரு அறைகளும் சேர்ந்தால் அந்தச் செருகி தாங்கும் 3 கிலோவாட்டைத் தாண்டுவதால், பிரதான மின்பெட்டியிலிருந்து தனிக்கம்பி இழுக்க வேண்டியிருந்தது. அலுமாரியில் மிச்சம் பிடித்த காசு அதிலேயே கரைந்துவிட்டது.

டொரொன்டோ உறுப்பினர்:

இங்கே சுவரில் பொருத்தும் ஓவன்கள் பெரும்பாலும் 27 அல்லது 30 அங்குல அகலத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக ஏறக்குறைய ஒரே அளவான இரு அறைகளுடன் வருவதால், உங்களுக்கு நேர்ந்த இடநெருக்கடி எனக்கு நேரவில்லை. எனக்கு உயரம்தான் சிக்கலானது. பொருத்த வந்தவர் எந்த உயரம் வேண்டும் என்று கேட்டபோது, 'வழக்கம்போல வையுங்கள்' என்று சொல்லிவிட்டேன். விளைவாக, மேலறையின் கதவு என் தோளுக்குச் சற்றுக் கீழே திறக்கிறது. கொழுப்புக் கொதிக்கும் வான்கோழித் தட்டை அங்கிருந்து இறக்க இன்றும் மகனைத்தான் கூப்பிடுகிறேன். இன்னொன்று, என்னுடைய ஓவனில் ஓர் அறை கடும் வெப்பத்தில் தன்னைத் தானே சுத்தம் செய்யும்போது மற்ற அறை இயங்காது. விருந்துக்கு முந்திய நாள் அதை அழுத்திவிட்டு, மணிக்கணக்கில் காத்திருந்தேன்.

லண்டன் உறுப்பினர்:

இரட்டை ஓவனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 150 பாகையில் கேக்கும் 200 பாகையில் பனிஸும் ஒரே வேளையில் வேகும் வீட்டில் அதன் அருமை தெரியும். 90 செ.மீ. வகைக்கு அலுமாரி செய்ய என்ன செலவாகும் என்று தச்சரிடம் இப்போது கேட்டிருக்கிறேன். இம்முறை கடைக்கு என் கேக் தட்டுகள் இரண்டையும் கையோடு கொண்டு போகிறேன்.