ஜாப் ஷேடோயிங் போன பிள்ளைகள்: தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து சில அனுபவங்கள்

சாட்ஸ்வர்த் அம்மா

என் மகள் பதினொன்றாம் கிரேடு. சின்ன வயதிலிருந்தே டாக்டர் ஆவேன் என்று சொல்லிக்கொண்டிருப்பவள். போன ஜூலை விடுமுறையில் ஐந்து நாள் அரசு மருத்துவமனை ஒன்றுக்கு ஜாப் ஷேடோயிங், அதாவது வேலை செய்கிறவர்களின் கூடவே நின்று பார்த்துக் கற்றுக்கொள்ள, போய்வந்தாள். நடந்ததை எழுதுகிறேன். உங்கள் பிள்ளைகள் போயிருந்தால் நீங்களும் எழுதுங்கள்.

இடம் பிடிப்பதற்கு மார்ச் மாதமே அலைய ஆரம்பித்தோம். மூன்று தனியார் மருத்துவமனைகளுக்கு மின்னஞ்சல் போட்டோம். ஒன்றிலிருந்து 18 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்று பதில் வந்தது, மற்ற இரண்டிலிருந்து ஒன்றுமே வரவில்லை. அப்புறம் அரசு மருத்துவமனைக்கு நானே நேரில் போனேன். அலுவலகத்தில் இருந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு நான்கு தாள் கொண்டுவரச் சொன்னார். பள்ளியிலிருந்து கடிதம், பெற்றோர் சம்மதம், அடையாள ஆவணத்தின் நகல், நோயாளிகளைப் பற்றிப் பார்த்ததையும் கேட்டதையும் வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்ட உறுதிமொழி. பள்ளியில் லைஃப் ஓரியன்டேஷன் (வாழ்க்கை வழிகாட்டல்) பாடம் எடுக்கும் ஆசிரியை கடிதத்தை மறுநாளே எழுதிக் கொடுத்தார்.

முதல் நாள் மதியம் மகள் போன் செய்தாள். குரலே சரியில்லை. "அம்மா, இன்னும் ஒரு டாக்டரைக்கூடப் பார்க்கவில்லை." அவளைப் பதிவு செய்யும் இடத்தில் நிறுத்தியிருந்தார்கள். வருகிறவர்களுக்கு எந்த வரிசை, எந்தக் கதவு என்று காட்டும் வேலை. விடிவதற்கு முன்பே டாக்சி பிடித்து வந்தவர்கள் அங்கே உட்கார்ந்திருந்தார்களாம்.

இரண்டாம் நாள் அவசரப் பிரிவு வாசலில், நோயாளிகளைத் தரம் பிரிக்கும் சிஸ்டருக்குப் பக்கத்தில் நிற்க விட்டார்கள். மூச்சு, நாடி, ரத்த அழுத்தம், காய்ச்சல், நடக்க முடிகிறதா, நினைவு தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுக் கூட்டி, ஒரு நிறம் கொடுக்கிறார்கள். சிவப்பு என்றால் உடனே உள்ளே. ஆரஞ்சு என்றால் 10 நிமிடத்துக்குள், மஞ்சள் ஒரு மணி நேரத்துக்குள், பச்சை 4 மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும் என்பது கணக்கு. நம் நாட்டிலேயே, கேப் டவுன் பக்கத்தில் 2004 வாக்கில் உருவாக்கிய முறையாம் இது. கை வெட்டுப்பட்டுக் கத்திக்கொண்டிருந்த ஒருவருக்குப் பச்சை கிடைத்தது. சுவரில் சாய்ந்து பேசாமல் நின்ற ஒரு பெண்ணுக்கு ஆரஞ்சு. "சத்தம் போடுகிறவருக்குத்தான் ஆபத்து அதிகம் என்று நினைத்திருந்தேன் அம்மா" என்றாள். அன்று இரவு வெகுநேரம் இதைப் பற்றியே பேசினாள்.

அடுத்த இரண்டு நாள் பிசியோதெரபி. பக்கவாதம் வந்து மீண்டும் நிற்கப் பழகும் ஒரு கோகோ (ஜூலு பாட்டி), பிடித்துக்கொள்ள இவள் கையைக் கேட்டிருக்கிறார். பிசியோதெரபிஸ்ட் தலையசைத்ததும் கொடுத்தாள். அவர் ஜூலு மொழியில் ஏதேதோ சொல்லச் சொல்ல, பள்ளியில் இரண்டாம் மொழியாக ஆப்பிரிக்கான்ஸ் எடுத்த இவளுக்கு 'சாவுபோனா' என்ற வணக்கத்துக்கு மேல் ஒரு சொல் வரவில்லை. அது அவளை ரொம்பவும் உறுத்திவிட்டது. மொழியைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவர்கள் நாங்கள், எங்களையும்தான்.

கடைசி நாள் வீட்டுக்கு வந்தவள் குளித்துவிட்டு நேரே ஆயாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மாமியாருக்கு இரண்டு வருடமாக முழங்கால் வலி. படி ஏறும்போது அதிகமா, இறங்கும்போது அதிகமா, காலையிலா ராத்திரியிலா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். இதையெல்லாம் எங்களில் ஒருவரும் அதுவரை கேட்டதில்லை.

மருத்துவ மாணவன், மூன்றாம் ஆண்டு

அக்கா, உங்கள் மகளை முதல் நாள் பதிவிடத்தில் நிறுத்தியது நல்லதுதான். நாங்கள் படிப்பில் சேர்ந்த பிறகுதான் அந்த வரிசையை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தோம்.

ஒரு விஷயம். பல பெற்றோர் 'பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்டர்ன்ஷிப் கிடைக்குமா' என்று கேட்கிறார்கள். நம் நாட்டில் இன்டர்ன் என்றால் பட்டம் முடித்த டாக்டர். எங்களுக்கு ஆறு வருடப் படிப்பு, அதற்குப் பிறகு இரண்டு வருடம் இன்டர்ன், அப்புறம் ஒரு வருடம் கட்டாயச் சமூக சேவை. டாக்டர்களுக்கு அந்தச் சேவை வருடம் 1998இல் வந்தது. மாணவர்களான நாங்களே மருத்துவத் தொழிலை ஒழுங்குபடுத்தும் ஹெல்த் ப்ரொஃபெஷன்ஸ் கவுன்சிலில் பதிவு செய்தாக வேண்டும். ஆகவே கடிதத்தில் இன்டர்ன்ஷிப் என்று எழுதினால் அலுவலகத்தில் குழம்பிப்போய் ஓரமாக வைத்துவிடுவார்கள். ஜாப் ஷேடோயிங் என்றோ தன்னார்வ உதவி என்றோ எழுதுங்கள்.

நான் உம்ஸிண்டோ பக்கம் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவில் வளர்ந்தவன். எங்கள் குடும்பத்தில் மருத்துவமனைக்கு நோயாளியாகப் போனவர்கள் தவிர யாரும் கிடையாது. பதினொன்றாம் கிரேடில் கிளினிக்கில் கேட்டேன். மருந்து கொடுக்கும் அறையில் ஒரு வாரம் நிற்க அனுமதித்தார்கள். காசநோய்க்கு மாதாமாதம் மாத்திரை வாங்க வருகிறவர்களை அங்கேதான் பார்த்தேன். சாதாரணக் காசநோய்க்கே ஆறு மாதம் மருந்து சாப்பிட வேண்டும். இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிடும், உடம்பு தேறிவிடும், அதோடு நிறுத்திவிடுவார்கள். வராதவர்களின் பெயரைப் பார்த்து மருந்தாளுநர் போன் செய்துகொண்டே இருப்பார். மருத்துவம் என்றால் அறுவை சிகிச்சை மேஜை என்று நினைத்திருந்த எனக்கு, அந்தப் போன் அழைப்புகள்தான் இன்றைக்கும் நினைவில் நிற்கின்றன.

கிராமத்துப் பிள்ளைகள் இதைப் படித்தால் உம்தோம்போ அறக்கட்டளையைப் பற்றி விசாரியுங்கள். வடக்கே இங்வாவுமாவில் உள்ள மோஸ்வோல்ட் மருத்துவமனையில் 1999இல் தொடங்கிய உதவித்தொகைத் திட்டம் வளர்ந்து இப்படி ஆனது. தங்கள் ஊர் மருத்துவமனையில் தன்னார்வமாக வேலை பார்த்துவிட்டு வருகிற மாணவர்களைத்தான் நேர்காணலுக்கு எடுக்கிறார்கள். படித்து முடித்தவர்கள் அந்த ஊர்களுக்கே திரும்பிப்போய் வேலை செய்கிறார்கள்.

ஜூலு விஷயத்தில் தங்கைக்கு ஒரு வார்த்தை. குவாஜுலு-நாட்டால் பல்கலைக்கழகத்தில் 2014 முதல் புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு ஜூலு கட்டாயப் பாடம். இப்போதே தொடங்கு. பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் பேசிப் பழகினாலே பாதி வந்துவிடும்.

ஃபீனிக்ஸ் அப்பா

எங்களுக்கு நடந்தது வேறு. எழுதத் தயங்கினேன், ஆனால் இன்னொருவர் பணம் போகக் கூடாது.

இணையத்தில் ஒரு நிறுவனம். பெயர் வேண்டாம். வெளிநாட்டில் இரண்டு வாரம், உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு 'மருத்துவ இன்டர்ன்ஷிப்', 28,000 ராண்ட், விமானச் செலவு தனி. ஊசி போட, தையல் போடக் கற்றுக்கொடுப்போம், பல்கலைக்கழக விண்ணப்பத்துக்குச் சான்றிதழும் உண்டு என்றார்கள். நான் 6,000 ராண்ட் முன்பணம் கட்டிவிட்டேன். பையனுக்கு நல்லது செய்கிறோம் என்ற ஆசைதான்.

ஆனால் பையனுக்கு மனம் ஒப்பவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது கேட்டான்: "அப்பா, ஆஸ்பத்திரியில் நம் தாத்தாவுக்குத் தையல் போட ஒரு பதினேழு வயதுப் பையன் வந்து நின்றால் நீங்கள் விடுவீர்களா?" விடமாட்டேன். அப்படியானால் அந்த ஊரில் இருக்கிறவர் யாருடைய தாத்தா? எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாளே வேண்டாம் என்று எழுதிவிட்டேன். முன்பணம் திரும்பி வரவில்லை.

பிறகு எங்கள் குடும்ப டாக்டரிடம் கேட்டோம். ஒரு காசு வாங்காமல் சனிக்கிழமைகளில் வரவேற்பறையில் உட்காரச் சொன்னார். நோயாளி சம்மதித்தால் மட்டும் உள்ளே கூப்பிடுவார், சம்மதிக்காவிட்டால் இவன் வெளியே. ஆறு சனிக்கிழமை போனான்.

இசிபிங்கோ, பன்னிரண்டாம் கிரேடு

வணக்கம். எனக்கு மருத்துவமனையில் இடம் கிடைக்கவில்லை. இப்படியும் கற்றுக்கொள்ளலாம் என்பதற்காக எழுதுகிறேன்.

செயின்ட் ஜான் ஆம்புலன்ஸில் முதலுதவி முதல் நிலைப் பயிற்சி முடித்தேன். ஈஸ்டர் நாட்களில் எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலுக்கு எவ்வளவு கூட்டம் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் கூட்டத்தில் பெரியவர்களோடு உதவிக்கு நின்றேன். விரதம் இருந்து வெயிலில் நின்று மயங்கியவர்கள்தான் அதிகம். படுக்க வைத்துக் காலை உயர்த்துவது, சுற்றி நிற்பவர்களை விலக்குவது, சர்க்கரை நோய் உண்டா, காலையில் மருந்து எடுத்தீர்களா என்று கேட்பது. எனக்குக் கஷ்டமாக இருந்தது கூட்டத்தை விலக்குவதுதான். சித்தப்பா வயதுக்காரர்களிடம் 'தள்ளி நில்லுங்கள்' என்று சொல்லக் குரல் வர வேண்டுமே. மூன்றாவது ஆளுக்குள் வந்துவிட்டது.

இன்னொன்று ரத்ததானம். இங்கே 16 வயது ஆகி, 50 கிலோ எடை இருந்தால் கொடுக்கலாம். எங்கள் பள்ளிக்கு ரத்த சேவைக்காரர்கள் வந்தபோது கொடுத்தேன். சிவப்பணுக்களை 42 நாள்தான் வைத்திருக்க முடியும், தட்டணுக்களை ஐந்து நாள்தான் என்று அந்த நர்ஸ் சொன்னார். சேர்த்து வைக்க முடியாததால், பள்ளி விடுமுறை வந்து மாணவர்கள் கொடுக்காதபோது ஏன் ரத்தம் குறைகிறது என்று அப்போது புரிந்தது.

டொங்காட், ஓய்வுபெற்ற சிஸ்டர்

பிள்ளைகளே, பெற்றோர்களே, படிக்கப் படிக்க மனம் நிறைகிறது.

வார்டில் முப்பது வருடத்துக்கு மேல் இப்படி வரும் மாணவர்களைப் பார்த்தவள் நான். முதலில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். மயங்கி விழுந்த பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் பதற்றத்தில் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு வந்தவர்கள். மூடிய ஷூ போடுங்கள், நகை வேண்டாம், தலைமுடியைக் கட்டுங்கள். போன் பைக்குள்ளேயே இருக்கட்டும். வார்டில் செல்ஃபி எடுத்த ஒரு பிள்ளையை அன்றே திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. படத்தின் ஓரத்தில் ஒரு நோயாளியின் முகம் இருந்தது. நீல உடையில் இருப்பவரையெல்லாம் 'நர்ஸ்' என்று கூப்பிடாமல் தோளைப் பாருங்கள். மெரூன் பட்டை இருந்தால் அவர் பதிவு பெற்ற சிஸ்டர்.

ஒரு பையன் நினைவுக்கு வருகிறான். சர்க்கரை நோயாளியின் காலில் கட்டுப் பிரித்தபோது சுருண்டு விழுந்தான். நம் ஆட்களிடம் சர்க்கரை நோய் இல்லாத வீடு குறைவு, அவன் வீட்டிலும் இருந்தது. அப்பா வந்து 'இவனுக்கு இது சரிப்படாது' என்று கூட்டிப்போய்விட்டார். மறுநாள் பையன் தானே பஸ் பிடித்து வந்தான். ஜன்னல் பக்கம் நின்று பார்த்தான். அதற்கடுத்த நாள், அந்த நோயாளியிடம் காலில் எப்போதிலிருந்து உணர்ச்சி இல்லை என்று கேட்டான். விழுந்ததை வைத்து எந்தப் பிள்ளையையும் எடை போடாதீர்கள்.

நான் எதைப் பார்ப்பேன் என்றால், கட்டிலைச் சுற்றியுள்ள திரை. டாக்டர் போர்வையை விலக்கும்போது, யாரும் சொல்லாமலே அந்தத் திரையை இழுத்து மூடுகிற பிள்ளை இருக்கும். அதன் பெயரை நான் கேட்டு வைத்துக்கொள்வேன்.

எங்கள் அம்மா 'டாக்டர் குணம்' என்பவரைப் பற்றிப் பேசாத நாள் கிடையாது. கேசவேலு குணரத்தினம் நாயுடு. டர்பன் தமிழ்க் குடும்பத்துப் பெண். இங்கே படிக்க வழியில்லாததால் எடின்பரோ போய்ப் படித்து 1936இல் டாக்டராகத் திரும்பிவந்து, சொந்தமாக வைத்தியம் பார்த்தார். இந்தியர்களின் நில உரிமையைக் குறுக்கிய சட்டத்துக்கு எதிரான 1946 சாத்வீக எதிர்ப்பில் சிறைக்கும் போனார். டர்பனில் நம் மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளும் மருத்துவக் கல்லூரி 1951இல்தான் தொடங்கியது. பழைய பிரின்ஸ் எட்வர்ட் தெருவுக்கு இன்று அவர் பெயர். அந்தத் தெருவில் நடக்கும்போது பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

வெருலம் அம்மா

சுருக்கமாக எழுதுகிறேன், இன்னும் வலிக்கிறது. என் மகனுக்கு ஷேடோயிங் எல்லாம் அருமையாக நடந்தது. ஆனால் பத்தாம் கிரேடுக்குப் பாடம் தேர்ந்தெடுக்கும்போது, மதிப்பெண் ஏறும் என்று ஒரு ஆசிரியர் சொன்னதைக் கேட்டு கணிதத்துக்குப் பதிலாக மேத்தமடிக்கல் லிட்டரசி (அன்றாடக் கணக்குப் பாடம்) எடுத்துவிட்டான். அதை வைத்து மருத்துவத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. கணிதம் வேண்டும், ஃபிசிக்கல் சயின்ஸ் வேண்டும். பதினொன்றாம் கிரேடு முடியும்போதுதான் தெரிந்தது. தயவுசெய்து ஒன்பதாம் கிரேடிலேயே கேளுங்கள். ஒரு நாளாவது ஒன்பதாம் கிரேடு விடுமுறையில் கிளினிக்குக்குக் கூட்டிப்போய்விட்டு அப்புறம் பாடத்தை முடிவு செய்யுங்கள்.

மருத்துவ மாணவன், மூன்றாம் ஆண்டு

வெருலம் அம்மா, தம்பியை விட்டுவிடாதீர்கள். மேட்ரிக்கில் (பன்னிரண்டாம் கிரேடு இறுதித் தேர்வில்) கணிதத்தைத் தனியாக எழுதித் தேறி வந்தவர்கள் எங்கள் வகுப்பிலேயே இருக்கிறார்கள். வருடம் கூடுதலாகும், அவ்வளவுதான். டாக்டர் தவிர வேறு வழிகளையும் அவனுக்குக் காட்டுங்கள். கிளினிக்கல் அசோசியேட் என்று மூன்று வருடப் பட்டம் 2008இல் தொடங்கியது. மாவட்ட மருத்துவமனைகளில் டாக்டரின் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்க்கிறார்கள். எந்தப் பாடங்கள் வேண்டும் என்று ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

சாட்ஸ்வர்த் அம்மா

எல்லோருக்கும் நன்றி. சிஸ்டர் எழுதியதை மகளிடம் வாசித்துக் காட்டினேன். திரையைப் பற்றி வந்த இடத்தில் "நான் இழுக்கவில்லை அம்மா, கவனிக்கவே இல்லை" என்றாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

டிசம்பர் விடுமுறைக்கு மறுபடியும் கேட்டுக் கடிதம் எழுதிவிட்டாள். இந்த முறை அவளே எழுதினாள், பிசியோதெரபி பிரிவு என்று குறிப்பிட்டு. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஜூலு ஆசிரியை ஒருவர் இருக்கிறார். செவ்வாய், வியாழன் மாலைகளில் அவரிடம் போகிறாள். 'எங்கே வலிக்கிறது' என்று கேட்க முதலில் கற்றுக்கொடுங்கள் என்றாளாம். அவர் முதலில் 'எப்படி இருக்கிறீர்கள்' என்று கேட்கத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறார்.