ஒற்றைக் குழாய் நீராவி ரேடியேட்டர்: இடிச் சத்தம், கசிவு, உரியும் பெயின்ட்

எடிசன்வாசி:
நியூஜெர்சியில் 1920களில் கட்டிய வீடு. பாய்லரின் நீராவி ஏறும் இரும்பு ரேடியேட்டர்கள்தான் அறைகளைச் சூடாக்குகின்றன. நீராவி ஏறுவதும் தண்ணீர் இறங்குவதும் ஒரே குழாயில். மாடிப் படுக்கையறை ரேடியேட்டர் மட்டும் பாய்லர் ஓட ஆரம்பித்ததும் சுத்தியலால் அடிப்பதுபோல் இடிக்கிறது. வென்ட் (உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றும் சிறு வால்வு) தண்ணீர் துப்புகிறது, வால்வுத் தண்டைச் சுற்றி நீராவி கசிகிறது. சூடு அதிகமானால் வால்வைப் பாதி மூடுவது வழக்கம். பாய்லரின் அழுத்தமானி 4 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 4 பவுண்ட்) வரை போகிறது. வென்ட்டை மாற்றினால் போதுமா? அலுமினியப் பெயின்ட்டும் உரிகிறது. அதை எப்போது எடுக்கலாம்?

பழையபாய்லர்:
வென்ட்டைக் கடைசியில் பாருங்கள். இப்போது புதிது போட்டாலும் அதுவும் துப்பத்தான் செய்யும்.

பாதி மூடிய வால்வுதான் முதல் சந்தேகம். ஒற்றைக் குழாயில் வால்வு முழுக்கத் திறந்திருக்கணும், இல்லையென்றால் முழுக்க மூடியிருக்கணும். பாதியில் நின்றால் ஏறி வரும் நீராவி, இறங்க வேண்டிய தண்ணீரை உள்ளேயே தடுத்துவிடும். தேங்கிய தண்ணீரை நீராவி தள்ளிக்கொண்டு போய் இரும்பில் மோத விடுவதுதான் அந்த இடி.

அடுத்தது வாட்டம். மேலே ரசமட்டம் வைத்துப் பாருங்கள். வால்வு பக்கமாகச் சரிந்திருக்க வேண்டும். பழைய பலகைத் தரை அமுங்கி, எதிர்ப்பக்கம் சாய்ந்திருப்பது சகஜம். வென்ட் பக்கக் கால்களுக்கு அடியில் கால் அங்குலத் தகடு கொடுத்தால் பெரும்பாலும் சரியாகும். சில வீடுகளில் தரைக்கடியில் ஓடும் கிடைக்குழாயே தொய்ந்திருக்கும். அப்போது நான்கு கால்களையும் தூக்க வேண்டும், குழாய் வளைந்து கொடுக்கும் அளவுக்கு மட்டும்.

4 பி.எஸ்.ஐ. ரொம்ப அதிகம். பாய்லர்மேல் இருக்கும் பிரஷர்ட்ரோலில் (அழுத்தக் கட்டுப்பாட்டுச் சுவிட்ச்) கட்-இன், அதாவது பாய்லர் மறுபடி ஓடத் தொடங்கும் அழுத்தம், 0.5, அதற்குமேல் கூட விடும் டிஃபரென்ஷியல் 1 என்று வையுங்கள், 1.5இல் பாய்லர் அணையும். அணையாமல் ஏறிக்கொண்டே போனால், அதன் கீழுள்ள சுருள் குழாயில் துருச்சேறு அடைத்திருக்கும். மின்சாரத்தை அணைத்து, பாய்லர் ஆறிய பின் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். அழுத்தம் அதிகமாக இருந்தால் சில வென்ட்கள் மூடியது மூடியபடியே நின்றுவிடும்.

இவை முடிந்த பின் வென்ட்டைக் கழற்றி ஊதிப் பாருங்கள். நிமிர்த்திப் பிடித்தால் காற்று போகணும், கவிழ்த்தால் நிற்கணும். போகாவிட்டால் வினிகரில் ஊறவைத்து மறுபடி பாருங்கள். மாற்றுவதானால், அறைக்குச் சூடு குறைவாகவே வேண்டும் என்பதால் கார்ட்டன் 4 போன்ற மெதுவான வகை போதும்.

மரைவேலை:
வால்வைப் பற்றி. தண்டைச் சுற்றிய கசிவுக்கு பேக்கிங் நட்டை (தண்டைச் சுற்றிய அடைப்புக் கயிற்றை அழுத்தும் நட்) அரைக்கால் சுற்று இறுக்குங்கள். நிற்கவில்லை என்றால் பாய்லரை அணைத்து ஆறவிட்டு, நட்டைத் தளர்த்தி கிராஃபைட் கயிறு சுற்றுங்கள்.

கைப்பிடி திறந்திருந்தும் இடி தொடர்ந்தால், உள்ளே வட்டு தண்டிலிருந்து கழன்று வழியை அடைத்திருக்கலாம். அப்போது வால்வையே மாற்ற வேண்டியதுதான். புது வால்வோடு வரும் ஸ்பட்டை (வால்வை ரேடியேட்டரோடு இணைக்கும் மரையுள்ள குட்டைக் குழாய்) ரேடியேட்டருக்குள் போடாமல் பழையதையே விட்டுவிட ஆசை வரும், விடாதீர்கள். ஒரே அளவாக இருந்தாலும் இரண்டின் முகமும் பொருந்தாமல் கசியும். பழைய ஸ்பட்டுக்கு ஸ்பட் ரெஞ்ச் வேண்டும். அசையாவிட்டால் ஹேக்ஸா பிளேடால் உள்ளிருந்து நீளவாக்கில் இரண்டு வெட்டு, ரேடியேட்டர் மரை தொடங்கும் முன் நிறுத்தி, உளியால் உள்ளே மடக்குங்கள். ஸ்பட்டின் மரைக்கு மட்டும் பேஸ்ட். யூனியனின் (வால்வும் ஸ்பட்டும் சேரும் இணைப்பு) வழவழப்பான முகத்தில் எதுவும் தடவக் கூடாது. இறுக்கும்போது தரைக்குழாயை இன்னொரு ரெஞ்ச்சால் பிடித்துக்கொள்ளுங்கள்.

புது மரைகளின் எண்ணெய் பாய்லருக்குள் இறங்கி நுரைக்க வைக்கும். பிறகு ஒருமுறை பாய்லர் தண்ணீரின் மேல் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தை வழித்தெடுக்க வேண்டியிருக்கும்.

எடிசன்வாசி:
நன்றி. வால்வைக் கழற்றும்போதே பெயின்ட்டையும் சுரண்டிவிடலாமா?

வார்ப்பிரும்பு:
உலர்வாகச் சுரண்டவே கூடாது. அமெரிக்காவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தைத் தடை செய்தது 1978இல்தான். 1920களின் ரேடியேட்டரில் ஈயம் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் அந்தத் தூசு பெரிய ஆபத்து. வெளியே எடுத்துப்போக முடிந்தால் மணல் வீச்சு செய்யும் பட்டறைக்குக் கொடுங்கள், ஈயம் இருக்கலாம் என்று சொல்லியே கொடுங்கள். வால்வு, வென்ட் துளைகளை அடைத்த பிறகுதான் வீச வேண்டும். உள்ளே போன மணல் பாய்லரில் போய்ச் சேரும். பவுடர் கோட்டிங் (தூள் பூசி அடுப்பில் சுடும் பெயின்ட்) என்றால், ரேடியேட்டர் பிரிவுகளுக்கிடையே கசிவு தடுக்கும் கேஸ்கெட் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அடுப்புச் சூட்டில் அது கருகிப்போகும்.

அவ்வளவு செலவு வேண்டாமென்றால், உரிந்த இடங்களை ஈரமாக வழித்து, பிரைமர் அடித்து, மேலே சாதாரண எண்ணெய்ப் பெயின்ட் அடித்தால் போதும். அலுமினியப் பெயின்ட் ரேடியேட்டர் வெளிவிடும் வெப்பக் கதிர்வீச்சைக் குறைக்கும், ஆனால் கணக்கில் வருவது மேல்பூச்சு மட்டும்தான். ரேடியேட்டர் சுமார் 102 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. அடுப்புக்கான உயர்வெப்பப் பெயின்ட் தேவையில்லை. கோடையில் அடியுங்கள், முதல் சூட்டில் வாடை வரும்போது ஜன்னலைத் திறந்து வைக்கலாம். வென்ட்டின் வாயில் மட்டும் ஒரு துளிகூடப் படக் கூடாது.