அப்டேட்: புது நாவல் பாதில நின்னுடுதுன்னு கேட்டது நான்தான்

போன மாசம் கோத்தகிரில இருந்து கேட்டிருந்தேன், சமீபத்துல வந்த நாவல் எடுத்தா சொந்தக்காரங்க பேர் குழம்பி அம்பது பக்கத்துல நின்னுடுது என்ன பண்றதுன்னு. யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி.

ஆடியோ கேட்டுப் பாத்தேன், தூக்கம்தான் வந்துச்சு. கைகொடுத்தது, பேர் வர வர பென்சில்ல வம்சாவளி போடுங்கன்னு ஒருத்தர் சொன்னது. அப்படித்தான் தேவிபாரதியோட 'நீர்வழிப் படூஉம்' முடிச்சேன் (2023 சாகித்ய அகாதமி வாங்கினது, தலைப்பு நம்ம 'யாதும் ஊரே' புறநானூற்றுப் பாட்டுல வர்றது). நடுவுல கொஞ்சம் இழுவை, ஆனா அதுல வர்ற காரு மாமா மனசை விட்டுப் போகமாட்டேங்கறார்.

இமையத்தோட 'செல்லாத பணம்' (2018) பேர்க் குழப்பமே இல்ல, பேச்சு அப்படியே காதுல விழுது, ஆனா தீக்காய வார்டு பக்கங்கள்ல அழுகையும் புலம்பலும் திரும்பத் திரும்ப வந்து ரெண்டு தடவ மூடி வச்சிட்டேன், இந்த ஐப்பசி மழைல கரண்டும் இல்லாம மெழுகுவத்தில அதைப் படிச்சது என் தப்பு.

எதிர்பாக்காதது, நாவலே தொடாத எங்கம்மா ரெண்டையும் எனக்கு முன்னாடி முடிச்சிட்டு, என் வம்சாவளில ஒரு அத்தைய சித்தின்னு போட்டிருந்ததையும் திருத்தி வச்சிருக்காங்க.